தலைக்கயிறு நீங்கலாக ஒரு குதிரை

1

அண்ணரின் மூன்றாவது கடிதம் இன்று காலை வந்தது. முதல் கடிதத்தில் 'உடனே' என்ற சொல் ஒரு முறை இருந்தது. இரண்டாவதில் இரண்டு. இன்றைய கடிதத்தில் எண்ணிப் பார்த்தேன், ஐந்து. ஊரில் தகப்பனார் விட்டுப்போன வீடும் அதைச் சுற்றிய வளவும் எங்கள் இருவருக்கும் பாதிப் பாதி. அண்ணர் மகளோடு கொழும்பில் போய் இருக்கப் போகிறார். வாங்குவதற்கு ஆள் வந்து நிற்கிறது. என் கையெழுத்து ஒன்றுதான் பாக்கி. காணி உறுதி என் மேசைமேல் மடங்கிக் கிடக்கிறது. இதை இங்கே பத்திரம் என்பார்கள்.

இன்றோடு நான் ஆம்பூருக்கு வந்து பன்னிரண்டு வருஷம். யாழ்ப்பாணத்திலிருந்து ஆம்பூர் என்ன பெரிய அந்நிய தேசமா என்று ஊரில் இருந்து இதை வாசிக்கிற நீங்கள் கேட்பீர்கள். இடையில் ஒரு கடல், ஒரு கப்பல், இரண்டு ரயில், நாக்கை நீட்டச் சொல்லும் டாக்டர்மார் இரண்டு பேர். நான் சொல்கிறேன், பாஷை ஒன்றாக இருக்கிற அந்நிய தேசம்தான் பொல்லாதது. பாஷை வேறான இடத்தில் நீங்கள் பிழை விட்டால் மன்னிப்பார்கள். இங்கே சிரிப்பார்கள். வந்த புதிதில் முதலாளியிடம் போய், "உங்களோடு கொஞ்சம் கதைக்க வேண்டும்" என்றேன். அவர் வேலையாட்களை வெளியே அனுப்பிவிட்டு, காலை மடித்து உட்கார்ந்து, கதை கேட்கத் தயாராகிவிட்டார்.

நாற்றத்தைப் பற்றியும் கேட்டு எழுதுகிறீர்கள். உண்டு. சுண்ணாம்புத் தொட்டியில் ஊறும் தோலும், ஆவாரம் பட்டைத் தண்ணீரும், பாலாற்று வெயிலும் சேர்ந்த நாற்றம். முதல் ஆறு மாதம் மூக்கைப் பிடித்துக்கொண்டு நடந்தேன். இப்போது அது இல்லாத ஊருக்குப் போனால் மூக்கில் ஏதோ நோய் என்று பயம் வருகிறது.

என் மனைவி இரத்தினத்துக்கு நாற்றம் ஒரு பொருட்டில்லை. மகள் பூமணியின் வாய்தான் அவளுக்குக் கவலை. பூமணிக்குப் பதினொரு வயது. பக்கத்து வீட்டுப் பெண்களோடு சேர்ந்து பாண்டி விளையாடி, உருதுவில் எண்ணி, தமிழில் சண்டை போடுகிறாள். நேற்று தாய் கூப்பிட்டதற்கு, "இன்னாம்மா? வர்றேன் இரு" என்றாள்.

"கேட்டியளோ? பிள்ளை 'இன்னா' எண்டுது!" என்று இரத்தினம் என்னிடம் வந்தாள்.

"நீ 'ஏன்' எண்டு சொல்லிக் குடு."

"சொல்லிக் குடுத்தனான். 'ஏன்னா இன்னாம்மா' எண்டு கேக்குது."

கையெழுத்துப் போடவும் ஒரு முறை முயன்றேன். வேலூரில் அதிகாரி முன்னால் போட்டு முத்திரை வாங்க வேண்டும். அங்கே ஒரு பாரம் தந்தார்கள். அதில் 'நிலையான விலாசம்' என்று ஒரு கட்டம். நான் நாணயமாக இரண்டு ஊரையும் எழுதினேன். மூக்குக்கண்ணாடி போட்ட குமாஸ்தா அதைத் திருப்பித் தள்ளினார்.

"ரெண்டு ஊரு எழுதக் கூடாது சார். ஒண்ணு அடிச்சிட்டுக் குடுங்க."

எதை அடிப்பது? பேனாவை மூடிக்கொண்டு அடுத்த ரயிலில் ஆம்பூர் திரும்பினேன். விற்க மாட்டேன் என்ற பிடிவாதம் இல்லை. அந்த வீட்டில் இனி நான் போய் இருக்கப் போவதில்லை என்று எனக்கே தெரியும். ஆனால் கையெழுத்துப் போட்ட மறு நிமிஷம் எனக்கென்று ஒரு ஊர் இல்லாமல் போய்விடுமோ என்று பயம். ஐம்பது வயதை நெருங்குகிறவனுக்கு இப்படி ஒரு பயம் வரலாமா? வந்தது.

இந்தப் பயத்துக்கு விடை ஒரு குதிரை வாங்கப்போன இடத்தில் கிடைத்திருந்தது. அது விடை என்று தெரிந்துகொள்ள எனக்குத்தான் ஏழு மாதம் பிடித்தது. ஆகவே குதிரைக் கதையைச் சொல்லிவிடுகிறேன்.

2

நான் தலைமைக் கிளார்க்காக இருப்பது மஜீத் சாயபுவின் தோல் ஷாப்பில். தோல் பதனிடும் தொழிற்சாலையை இங்கே ஷாப் என்பார்கள். அங்கே ஹெர்மான் என்று ஒரு வெள்ளைக்காரர் இருக்கிறார். இங்கிலீஷ்காரர் அல்ல, வியன்னாப் பட்டணத்துக்காரர். தோலுக்குச் சாயமும் மெருகும் ஏற்றும் ரசாயன வித்தை தெரிந்தவர். அவர் வந்த பிறகு எங்கள் தோலில் முகம் பார்த்துத் தலை வாரலாம் என்று சாயபு வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்.

ஹெர்மானும் நானும் ஞாயிறு மாலைகளில் பாலாற்று மணலில் உட்கார்ந்து மீனைப் பற்றிப் பேசுவோம். ஆற்றில் தண்ணீரும் இல்லை, மீனும் இல்லை. அவர் தம் ஊர் ஆற்று மீனைச் சொல்வார். நான் எங்கள் கடல் மீனைச் சொல்வேன். இருவருக்கும் வாயூறும். எழுந்து வீட்டுக்குப் போய் அவரவர் கத்தரிக்காயைச் சாப்பிடுவோம்.

போன மார்கழியில் அவர் பேச்சுக் குறைந்தது. மாசியோடு ஒப்பந்தம் முடிகிறது, ஊருக்குப் போகிறேன் என்றார். சம்பளத்தைக் கூட்டுகிறேன் என்று சாயபு சொல்லியும் அசையவில்லை. உமக்கு என்னதான் வேண்டும் என்று நான் கேட்டேன். அவர் வெட்கப்பட்டுக்கொண்டே சொன்னார். அவருடைய தகப்பனார் குதிரைப் பள்ளிக்கூடம் ஒன்றில் வாத்தியார். அங்கே குதிரைக்கு ஓடக் கற்றுக்கொடுப்பதில்லை, நடக்கக் கற்றுக்கொடுக்கிறார்கள். நாட்டியம் மாதிரி நடை. விடியற்காலையில் ஒரு மணி நேரம் அப்படி ஒரு குதிரைமேல் உட்கார்ந்தால் மீதி நாளை எங்கே வேண்டுமானாலும் கழித்துவிடுவேன், இங்கே அது கிடைக்காதே என்றார்.

நான் இதைச் சாயபுவிடம் சொன்னேன். அவர் தாடியைத் தடவினார்.

"சிலோன் சார், நீங்களும் கடல் தாண்டி வந்தவரு, அவரும் கடல் தாண்டி வந்தவரு. அவருக்கு இன்னா மாதிரி குதுர வேணும்னு உங்களுக்குத்தான் புரியும். நீங்களே பாத்து வாங்கிக்கினு வாங்க. அந்த மனுசன் போய்ட்டாருன்னா அப்பால நம்ம தோலு பழையபடி செருப்புக்கு அடித்தோலுதான். பெரிய பேஜாரு."

எனக்கும் பேஜாருதான். மீனைப் பற்றிப் பேச வேறு ஆள் ஆம்பூரில் இல்லை.

3

ஹெர்மான் ஒரு தாளில் குதிரையின் இலட்சணங்களை எழுதிப் படமும் போட்டுத் தந்தார். நான் அதைத் தமிழில் எழுதி ஷாப் கேட்டில் ஒட்டினேன். 'நின்ற இடத்திலேயே நடக்க வேண்டும். பக்கவாட்டில் கால் மேல் கால் போட்டுப் போக வேண்டும். முன்னங்காலைத் தூக்கி ஒரு கணம் ஆகாயத்தில் நிறுத்த வேண்டும். இவ்வளவையும் கோபமில்லாமல் செய்ய வேண்டும்.'

ஒரு வாரத்தில் கேட்டுக்கு முன்னால் சந்தை கூடிவிட்டது. முதலில் வந்தவர் வேலூர் ஜட்காக்காரர். தாளை வாசிக்கச் சொல்லிக் கேட்டார்.

"எங்கியும் போவாம நடக்கறதுக்கு குதுர இன்னாத்துக்கு சார்? நானே நடப்பேனே."

கணியம்பாடியிலிருந்து வந்த விவசாயி ஒருவர் முழுவதையும் கவனமாகக் கேட்டுக்கொண்டு, என்னை ஓரமாக அழைத்துப்போனார். "சார், காலைத் தூக்கறது, ஒரு பக்கமாப் போறது, நின்ன எடத்துல மிதிக்கறது, இதெல்லாம் வயித்துநோவு வந்த குதுர பண்றது. துரைக்குத் தெரியல போல. ஓமம் கொதிக்கவெச்சுக் குடுத்தா சரியாய்டும்."

போலீஸிலிருந்து ஓய்வு பெற்ற குதிரை ஒன்று வந்தது. நல்ல உயரம், நல்ல நடை. ஹெர்மான் ஏறிக்கொண்டு கடைத்தெருவில் விட்டுப் பார்த்தார். ஒவ்வொரு கள்ளுக்கடை வாசலிலும் தானாகவே நின்று, உள்ளே எட்டிப் பார்த்துவிட்டுத்தான் நகர்ந்தது. கடைக்காரர்கள் எல்லோரும் எழுந்து நின்றார்கள்.

சோளிங்கர்ப் பக்கத்திலிருந்து வந்த குதிரை, மலையைக் கண்டால் முன்னங்காலை மடக்கிக் கும்பிடும் என்றார்கள். அதற்கு மலை எது, குவியல் எது என்ற பேதமில்லை. எங்கள் முற்றத்தில் குவித்திருந்த ஆவாரம் பட்டையைக் கண்டதும் மண்டியிட்டுவிட்டது. எழுப்ப நாலு பேர் வேண்டியிருந்தது. ஹெர்மான் அன்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். ஆனால் மாலையில் கப்பல் கம்பெனிக்கு எழுதிய கடிதத்தை என்னிடம் காட்டினார். மாசி முடிய இன்னும் ஐந்து வாரம்.

4

நாட்றம்பள்ளியில் கோவிந்தன் என்பவரிடம் ஆட்டக்குதிரை இருக்கிறது என்று மாட்டுத்தோல் கொண்டுவரும் ஒருவர் சொன்னார். வாணியம்பாடியில் ரயிலிறங்கி, மாட்டுவண்டியில் முதுகெலும்பை எண்ணிக்கொண்டு போய்ச் சேர்ந்தேன்.

கோவிந்தன் கல்யாண ஊர்வலத்துக்கும் சாமி ஊர்வலத்துக்கும் குதிரை விடுகிறவர். சாயபு வீட்டு மாப்பிள்ளையும் அதில்தான் ஏறுவார், முதலியார் வீட்டு மாப்பிள்ளையும் அதில்தான் ஏறுவார். குதிரையின் பெயர் மயிலு. வெள்ளையும் இல்லாத சாம்பலும் இல்லாத நிறம். இரண்டு காதும் உள்பக்கம் வளைந்திருந்தன. கோவிந்தன் அதன் கழுத்தைத் தட்டி நாக்கால் ஒரு சத்தம் கொடுத்தார்.

மயிலு நின்ற இடத்திலேயே நடக்கத் தொடங்கியது. கால் தூக்கும், நிறுத்தும், வைக்கும். தலையில் கட்டியிருந்த கயிற்றிலே பதினொரு பித்தளைச் சலங்கை. அவற்றின் தாளத்தைத் தானே கேட்டுக்கொண்டு, அடுத்த அடியை அதற்குச் சரியாக வைத்தது. பிறகு பக்கவாட்டில் கால் மாற்றிப் போட்டுக்கொண்டு வாசலின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்குப் போனது. ஹெர்மான் கொடுத்த தாளை எடுத்துப் பார்த்தேன். ஒன்றும் விடுபடவில்லை. கோபமும் இல்லை.

"இதை ஏன் விக்கிறீர்?" என்றேன்.

"இன்னொண்ணு குட்டி போட்ருக்குது சார். மூணுத்துக்கும் தீனி போட முடியல. இதுக்கு ஆட்டமும் ஜாஸ்தி, தீனியும் ஜாஸ்தி."

பேரம் தொடங்கியது. கோவிந்தன் தம் கைமேல் துண்டைப் போட்டு மூடி, என்னை நோக்கி நீட்டினார். துண்டுக்குள் விரலைப் பிடித்து விலை பேசுவது இந்தப் பக்கத்து வழக்கம். பன்னிரண்டு வருஷம் கிளார்க்கு வேலை பார்த்தவனுக்கு அது தெரியாது. மரியாதைக்குக் கை நீட்டுகிறார் என்று நினைத்து, நானும் துண்டுக்குள் கையை விட்டு, அவர் கையை முழுதாகப் பிடித்து நன்றாகக் குலுக்கினேன். சுற்றி நின்றவர்கள் "ஆ" என்றார்கள். கோவிந்தன் முகம் மலர்ந்துவிட்டது. ஐந்து விரலையும் பிடித்தால், கேட்டது முழுவதும் தருகிறேன் என்று அர்த்தமாம். சாயபு கொடுத்தனுப்பிய தொகைக்குள் அது அடங்கியது என் அதிர்ஷ்டம்.

இந்த அவமானம்தான் அடுத்த பிழைக்குக் காரணம். விரலில் தோற்றவன் எழுத்திலாவது ஜெயிக்க வேண்டும் என்று, முத்திரைத் தாளை எடுத்து எங்கள் ஆபீஸ் நடையில் எழுதினேன். 'மேற்படி குதிரையும் அதன் மேலுள்ள சகல உபகரணங்களும்.' கோவிந்தன் கைநாட்டு வைத்தார். பிறகு அவருடைய மனைவி முனியம்மா உள்ளேயிருந்து வந்து, மயிலுவின் தலையிலிருந்து சலங்கைக் கயிற்றை அவிழ்க்கத் தொடங்கினார்.

"அம்மா, அது எங்களுடையது" என்றேன்.

"குதுரதான் உங்களுது. கயிறு எங்க வூட்டோடது. நீங்க புதுக்கயிறு கொண்டாரலியா?"

"பத்திரத்தில் சகல உபகரணங்களும் என்று எழுதியிருக்கிறது."

"எழுதினா ஆச்சா சார்? மாடு வித்தாலும் குதுர வித்தாலும் தலைக்கயிற எவனாச்சும் விப்பானா? அது போச்சுன்னா வூட்ல இருக்கறது எல்லாம் பின்னாலயே போய்டும்."

எங்கள் வீட்டில் தகப்பனார் மாட்டைக் கயிற்றோடுதான் விற்பார். இது ஏமாற்று வேலை என்று எனக்குப் பட்டது. கைநாட்டைக் காட்டினேன். சலங்கை இல்லாவிட்டால் குதிரை ஆடாது என்பதும் எனக்குத் தெரிந்துவிட்டது. கோவிந்தன் தாளையும் மனைவியையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். முனியம்மா கையை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். குதிரை கயிற்றோடு வந்தது. நான் ஜெயித்தேன்.

5

மறுநாள் விடிந்ததும் ஹெர்மான் மயிலுமேல் ஏறினார். பட்டைக் குவியலைச் சுற்றி ஒரு வட்டம் மெதுவாகப் போனார். பிறகு காலால் என்ன செய்தாரோ, கயிற்றால் என்ன சொன்னாரோ, மயிலு நின்ற இடத்தில் ஆடியது. தோல் உதறுகிறவர்கள் தோலைக் கீழே போட்டுவிட்டுப் பார்த்தார்கள். அந்த ஆட்டத்துக்கு அவர் ஒரு பிரெஞ்சுப் பெயர் சொன்னார். என் நாக்குக்கு அது வரவில்லை. இறங்கும்போது அவருடைய கண் சிவந்திருந்தது. "உங்கள் ஊரில் இதை யார் கற்றுக்கொடுத்தார்கள்?" என்று இரண்டு தடவை கேட்டார். சாயபு எல்லோருக்கும் பிரியாணி போட்டார்.

நான்காம் நாள் காலை ஷாப் கேட்டில் ஒரு பெண் உட்கார்ந்திருப்பதாகச் சொன்னார்கள். போய்ப் பார்த்தால் முனியம்மா. முதல் நாளே புறப்பட்டு, வழியில் உறவினர் வீட்டில் தங்கி, நடந்தே வந்திருக்கிறார். சண்டை பிடிக்க வந்திருப்பார் என்று தொண்டையைச் செருமிக்கொண்டேன். அவர் எழுந்து நின்று தலைப்பைச் சரிசெய்துகொண்டார்.

"சார், காசு ஒண்ணும் வேணாம். குதுரயும் வேணாம். அந்தக் கயித்த மட்டும் குடுத்துடுங்க. மயிலு பொறந்தப்ப நானே திரிச்சது. அது போன நாளிலருந்து அடுப்பு எரியுது, சோறு வேவுது, ஒண்ணியும் குறையல. ஆனா வூடு வூடா இல்ல சார். அவரு வெளிய சொல்ல மாட்டாரு. அவரும் தூங்கறதில்ல."

எனக்கு முகம் சுட்டுவிட்டது. எழுதத் தெரிந்தவன் எழுதத் தெரியாதவரிடம் செய்யும் அக்கிரமத்தைத்தான் நான் செய்திருக்கிறேன். பத்திரத்தில் 'தலைக்கயிறு நீங்கலாக' என்று இரண்டு சொல் சேர்த்து, ஓரத்தில் கையெழுத்துப் போட்டேன். கயிற்றை அவிழ்த்து அவர் கையில் கொடுத்தேன். அவர் அதை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு, என்னைக் கும்பிட்டுவிட்டுப் போனார். கும்பிடத்தான் வேண்டுமா என்று இருந்தது.

மயிலுவுக்குப் புதுத் தலைவார் தைத்தோம். தோலுக்குப் பேர்போன ஊர் அல்லவா, கண்ணாடி போல மின்னியது. வேலூரிலிருந்து புதுச் சலங்கை வாங்கிக் கோத்தோம். மயிலு சலங்கைச் சத்தத்தைக் கேட்டுத் திரும்பிப் பார்த்தது, யாரோ வருகிறார்கள் என்று நினைத்திருக்க வேண்டும். பிறகு கம்பம் மாதிரி நின்றது. ஹெர்மான் ஒரு வாரம் முயன்றார். எட்டாம் நாள் அவர் தகரப் பெட்டியை வெயிலில் காயப்போட்டிருந்தார்.

"கயித்தக் குடுத்தீங்களே, நல்லது பண்ணீங்க. பாவம் அந்தம்மா. ஆனா துரை போறாரே சார்" என்றார் சாயபு. அவர் திட்டியிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும்.

அன்று சாப்பாட்டில் கை ஓடவில்லை. இரத்தினம் காரணம் கேட்டாள். முழுவதையும் சொன்னேன். கேட்டுக்கொண்டே, இடியப்பம் பிழிகிற சின்ன மர உரலைக் கழுவிக்கொண்டிருந்தாள். ஊரிலிருந்து புறப்பட்டபோது அவள் மடியில் வைத்துக்கொண்டு வந்த உரல் அது. தட்டுமுட்டுச் சாமான் வேண்டாம், ஆம்பூரில் எல்லாம் கிடைக்கும் என்று நான் கப்பல் வரை சண்டை பிடித்தேன். அவள் அதை மடியிலிருந்து இறக்கி வைக்கவேயில்லை.

"கயிறு வீட்டை விட்டுப் போகக்கூடாது, அவ்வளவுதானே?" என்றாள்.

"ஓம்."

"அப்ப வீட்டை இஞ்சை கொண்டு வாங்கோவன்."

6

நான் மறுநாளே நாட்றம்பள்ளிக்குப் போனேன். ஷாப்பில் வண்டி மாடும் குதிரையுமாகப் பத்து உருப்படிகள் இருக்கின்றன, பார்த்துக்கொள்ள நிரந்தரமாக ஆள் தேவை என்று சாயபு வெகுநாளாகச் சொல்லிக்கொண்டிருந்தார். தீனி ஷாப் செலவு, குட்டியையும் தாயையும் கொண்டு வரலாம், தனி வீடு உண்டு என்று கோவிந்தனிடம் சொன்னேன். அவர் உடனே தலையாட்டினார். முனியம்மாதான் யோசித்தார்.

"கயிறு?"

"உங்கள் வீட்டில், உங்கள் ஆணியில். விலைக்கு இல்லை. துரை காலையில் இரவல் வாங்குவார், ஏறி இறங்கியதும் திருப்பித் தருவார்."

"இரவல் குடுக்கலாம். அதுல ஒண்ணும் தப்பில்ல" என்றார் முனியம்மா. "ஆனா துரையே வந்து கேக்கணும். ஆள அனுப்பக் கூடாது."

மாசி பிறந்து இருபதாம் நாள் அவர்கள் சட்டிபானையோடு வண்டியில் வந்து இறங்கினார்கள். முனியம்மா முதல் காரியமாகச் சுவரில் ஆணி அடித்துக் கயிற்றை மாட்டினார். அடுப்பு மூட்டியது அதற்குப் பிறகுதான். மறுநாள் காலை ஹெர்மான் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு அந்த வாசலில் நின்று, நான் ஒரு வாரம் பழக்கிய தமிழைச் சொன்னார்.

"அம்மா, கயிறு இரவல் குடுங்க. சாயங்காலம் தர்றேன்."

"இன்னாத்துக்கு சாயங்காலம்? எறங்கின ஒடனே குடுத்துடுங்க" என்றார் முனியம்மா.

மயிலு ஆடியது. கப்பல் அவர் இல்லாமல் போனது. இது ஆவணி. ஆறு மாதமாக ஒரு நாள் தவறாமல் அந்தக் கயிறு போகிறது, வருகிறது. இப்போது ஹெர்மான் பிடிவாதமாகத் தமிழில்தான் கேட்கிறார். முனியம்மாவும் அவருக்குச் சில சமயம் கேழ்வரகு அடை கொடுக்கிறார். ஞாயிற்றுக்கிழமை மீன் பேச்சில் கோவிந்தனும் வந்து உட்காருகிறார். அவர் ஏரி விரால்காரர், எங்கள் இருவர் மீனையும் மதிப்பதில்லை.

இதையெல்லாம் அண்ணரின் கடிதத்துக்குப் பக்கத்தில் வைத்து எழுதிக்கொண்டு வரும்போதுதான் எனக்கே உறைத்தது. முனியம்மா குதிரையை விற்றார், அழவில்லை. ஊரை விட்டு வந்தார், அதற்கும் அழவில்லை. விற்கக்கூடாதது எது என்று அவருக்குத் தெரியும், அதை மட்டும் கையில் வைத்துக்கொண்டார். இரத்தினத்துக்கும் தெரிந்திருக்கிறது, கப்பலிலேயே. எனக்குத்தான் யாரும் சொல்லித் தரவில்லை, நானும் கேட்கவில்லை. வீட்டோடு எல்லாம் போகிறது, அல்லது எல்லாம் இருக்கிறது என்று ஒரே கட்டாகக் கட்டி வைத்துப் பயந்துகொண்டிருந்தேன்.

நாளை வேலூர் போகிறேன். 'நிலையான விலாசம்' கட்டத்தில் ஆம்பூர் என்று எழுதப் போகிறேன். மீன் விஷயத்தில் மட்டும் இது செல்லாது. உறுதியிலும் என் கையால் ஒரு வரி சேர்த்துவிட்டேன். 'வீடு, வளவு, கிணறு, பனை ஆறு, மா இரண்டு உட்பட. துலாக்கயிறு நீங்கலாக.'

எங்கள் கிணற்றில் தண்ணீர் அள்ளுவது துலாவால், இங்கே ஏற்றம் என்பார்கள். நான் கயிற்றை இழுக்க, அண்ணர் துலாமேல் நடந்து மிதிப்பார். சில நாள் முறை மாறும். அவர் மேலே நின்று, "பலமா இழுடா" என்று கத்துவார். அந்த வீட்டில் எனக்கு வேண்டியது அது ஒன்றுதான்.

7

இதை எழுதி ஒன்றரை மாதம் ஆகிறது. மறுநாளே கையெழுத்துப் போட்டு உறுதியை அண்ணருக்கு அனுப்பினேன், இதை மட்டும் அனுப்பாமல் வைத்திருந்தது நல்லதாகப் போயிற்று.

நேற்றுத் தபாலாபீஸிலிருந்து ஆள் வந்தது. கடல் கடந்த பார்சல், சுங்கப் பாரத்தில் கையெழுத்து வேண்டும். போனேன். பூமணியும் தொற்றிக்கொண்டு வந்தாள். தபாலாபீஸ்காரர் சாக்குப் பொதியைத் தட்டிப் பார்த்தார்.

"இன்னா சார் இது?"

"கயிறு."

"புதுசா, பழசா?"

"பழசு."

"பழங்கயிற சிலோன்லருந்து வர வெச்சீங்களா? ஆம்பூர்ல கயிறு இல்லியா?" அவர் பாரத்தைத் திருப்பினார். "வெலைன்னு ஒரு கட்டம் இருக்குது. எதுனா எழுதணும்."

"விலை இல்லை" என்றேன்.

"வெலை இல்லாததுக்கு ஃபாரத்துல எடம் இல்ல சார்."

பூமணி பொதியைப் புரட்டி, அடிப்பக்கத்து விலாசச் சீட்டைப் பார்த்தாள். "இங்க பாருப்பா, பெரியப்பாவே எழுதிருக்காரு" என்றாள். அண்ணரின் தடித்த எழுத்து. 'பழைய துலாக்கயிறு. விற்பனைக்கு அல்ல.' தபாலாபீஸ்காரர் அதை இரண்டு தடவை வாசித்தார். பிறகு விலைக் கட்டத்தில் ஒரு கோடு இழுத்து, முத்திரை குத்தி, பொதியை என் பக்கம் தள்ளினார்.

வீட்டில் வந்து அவிழ்த்தோம். கயிறு நான் நினைத்த நீளம் இல்லை. ஒரு முனையில் வாளி கட்டுகிற முடிச்சு அப்படியே இருந்தது. மறு முனை புதிதாக, கத்தியால் வெட்டியது. நடுவில் நாலாக மடித்த கடிதம். எனக்குப் பைத்தியம் என்று நினைப்பார், நாலு வரி திட்டியிருப்பார் என்று எதிர்பார்த்துப் பிரித்தேன். இரண்டே வரி.

'வீடு கொடுத்தாயிற்று. கயிற்றில் உன் பாதி இது, மற்றப் பாதி என்னோடு கொழும்புக்கு வருகிறது.'

இரத்தினம் இடியப்ப உரலுக்குப் பக்கத்தில் ஆணி அடித்து அதை மாட்டினாள். நான் கடிதத்தை இன்னொரு முறை முதலிலிருந்து பார்த்தேன். அதில் 'உடனே' என்ற சொல் ஒரு இடத்திலும் இல்லை.